சட்டக் கல்வியும் தமிழ்ப் புலமையும்

முன்னுரை

வழக்கு என்னும் சொல் தமிழில் இரு துறையார்க்கு உரியது. இலக்கண ஆசிரியர்க்கு அது மக்கள் சொற்களை ஆளும் முறை. உலக வழக்கு, செய்யுள் வழக்கு என நூல்களிற் பயில்வது. நீதிமன்றத்தார்க்கோ அது இருவர் தம்முள் மாறுபட்டு நடுவர்முன் கொண்டு செல்லும் பிணக்கு. நெடுங்காலம் வழங்கிவந்த முறையே நீதிக்கு அளவுகோலாக நின்ற காலத்தில், 'முறை யாது?' என ஆராய்வதே வழக்காராய்தல் ஆயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும். எனினும் இன்று இலக்கணம் கற்பாரும் சட்டம் கற்பாரும் ஒருவரையொருவர் அறியாது வெவ்வேறு கூடங்களில் இருக்கின்றனர். இப்பிரிவு எவ்வாறு நேர்ந்தது, அதனால் யார்க்கு இழப்பு என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாக அமைந்தது மாணவர் ஒருவரின் வினா. அவர் வடசென்னையைச் சார்ந்த மணலி புதுநகரில் வாழ்பவர். பள்ளிப் படிப்பை முடித்து ஐந்தாண்டுச் சட்டப் பட்டப்படிப்பிற் சேர்ந்து இரண்டாம் ஆண்டில் பயில்பவர். அவருடைய தமையனார் சரக்குப் பெட்டக லாரி ஓட்டுநர். சில ஆண்டுகட்கு முன் நேர்ந்த ஒரு சாலை விபத்தின் தொடர்பாகத் தமையனார்மீது வழக்குப் பதிவாகிக் குற்றப்பத்திரிகையின் படி வீட்டிற்கு வந்தது. அதனைப் படித்த மாணவர் என்னிடம் வந்து, "ஐயா, எங்கள் அண்ணனை இதில் எதிரி என்று எழுதியிருக்கிறார்கள். 'அவன் யாருக்கடா எதிரி?' என்று அம்மா என்னைக் கேட்கிறார். சட்டம் படிக்கின்ற எனக்கே விடை சொல்லத் தெரியவில்லை" என்றார்.

அவர் கற்கும் சட்டநூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன; அவர் தமையனார்மீது வந்த வழக்கோ தமிழில் உள்ளது. இரண்டற்கும் இடையே பாலமாக நிற்கவேண்டிய சொல்லாராய்ச்சியை அவர்க்குக் கற்பிப்பார் இலர். ஆதலின் அவர் வினா சட்டத்துறையை நோக்கியது மட்டுமன்று, தமிழ்த்துறையையும் நோக்கியதாகும்.

பண்டைத் தமிழ்நூல்களில் குற்றவியல் முறை

தமிழ்மக்கள் குற்ற விசாரணையின் நுட்பங்களை அயலாரிடமிருந்தே முதன்முதல் அறிந்தனர் எனக் கருதுவார் உளர். அது பொருந்தாது. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தைச் சட்டம் பயில்வார் ஒருவர் நோக்குவாராயின், அங்கே மூன்று பிழைகளைக் காண்பர். குற்றம் சாட்டிய பொற்கொல்லனே சான்றாளனாகவும் நிற்கின்றான். குற்றஞ்சாட்டப்பட்ட கோவலன் கூற்றைக் கேட்பார் இலர். பொருள் கையிலிருந்தது என்பதொன்றே திருட்டுக்குப் போதிய சான்றாகக் கொள்ளப்படுகின்றது. பின்னர்க் கண்ணகி அவைக்கு வந்து வழக்குரைக்கும்போது, சிலம்பின் பரல் யாது என்னும் ஒரே வினாவால் வழக்கு முடிவு பெறுகின்றது. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. கண்ணகி சிலம்பில் இருப்பது மாணிக்கம். பொருட்சான்று வாய்மொழிச் சான்றை வென்றது. தவறான தண்டனை நீக்கவொண்ணாதது என்பதையும் அக்காப்பியம் உடன் உணர்த்துகின்றது.

அரசன் காவலரை ஏவிய இடத்தில் கற்றோரிடையே வழங்கும் ஒரு விளக்கம் உண்டு. கொல்லுதற்காகக் கொண்டுவருக என்னும் கருத்தினனாகிய அரசன், வினைவயத்தால், கொன்று கொண்டுவருக என்னும் பொருள்படக் கூறிவிட்டான் என்பர். செயவென் எச்சம் நிற்கவேண்டிய இடத்தில் செய்தென் எச்சம் நின்றது. எச்சத்தின் ஈறு மாறியதனால் ஓர் உயிர் போயிற்று என்னும் இவ்விளக்கம், சட்டத்தின் சொல்லை நம்முன்னோர் எத்துணைக் கூர்மையாக நோக்கினர் என்பதற்குச் சான்றாகும்.

பெரியபுராணத்தில் சுந்தரர் வரலாறும் இவ்வகையில் நோக்கத்தக்கது. திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர் ஓர் அடிமை ஓலையைக் காட்டி வழக்கிடுகின்றார். முன்னர்ச் சுந்தரரால் கிழித்தெறியப்பட்டது படியோலை. மூலவோலை தம்மிடம் உளது என்கின்றார். அவையத்தார் அம்மூலவோலையிற் கண்ட எழுத்தைச் சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுத் தெளிகின்றனர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என மூவகைச் சான்று ஆங்குப் பேசப்படுகின்றது. துய்த்துவரும் உரிமை, எழுத்துச் சான்று, கண்டார் கூற்று என்பனவே அவை. மூலமும் படியும் வேறெனக் காணுதலும், ஐயத்துக்குரிய கையெழுத்தை ஐயமற்ற கையெழுத்தோடு ஒப்பிடுதலும் 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தில் தனித்தனிப் பிரிவுகளாக இடம்பெற்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்நூல் ஒன்றில் இவை கதைப்போக்கிலேயே அமைந்துள்ளன. இதனால் நம்மவர் ஆங்கிலச் சட்டத்தை முன்னரே இயற்றினர் எனக் கூறுதல் மிகையாகும். அச்சட்டத்தைத் தமிழில் விளக்குதற்கு வேண்டிய கருத்தும் சொல்லும் தமிழில் இருந்தன என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

கும்பினி ஆட்சியில் சட்டமும் மொழியும்

கும்பினியார் சென்னையிற் கால் கொண்டபின் நீதி முறை படிப்படியாக அயன்மொழிக்கு உரியதாயிற்று. சென்னை நகருக்கு 1801-இல் உச்ச நீதிமன்றம் அமைந்தது. 1802-இல் வெளி மாவட்டங்களுக்கு அதாலத்து நீதிமன்றங்கள் ஏற்பட்டன. மாவட்டங்களில் குற்ற வழக்குகட்கு இசுலாமியக் குற்றவியல் சட்டமே, கும்பினியின் ஒழுங்குவிதிகளால் திருத்தப்பெற்று, 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 1862 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வரும்வரை வழங்கிற்று. வக்கீல், முன்சீப்பு, அமீனா, ஜாமீன், கைதி, வாய்தா, ஆஜர், பிராது, தஸ்தாவேஜு, மகஜர் முதலிய சொற்கள் தமிழ்நாட்டு நீதிமன்றங்களிற் பரவி நிலைத்தமைக்கு இவ்வரலாறே காரணம். இச்சொற்களை வெறும் கலப்பென்று ஒதுக்குதல் வரலாற்று நோக்குடையார்க்கு ஒவ்வாது. ஒவ்வொன்றும் அது நுழைந்த காலத்து நீதிமுறைக்குச் சான்று.

1812-இல் எல்லிசு துரையின் முயற்சியால் அமைந்த சென்னைக் கோட்டைக் கல்லூரி, கும்பினி அலுவலர்க்கு நாட்டு மொழிகளைக் கற்பித்ததோடு, உள்நாட்டார்க்குச் சட்டப் பயிற்சி அளித்துத் தேர்வு நடத்தும் நிலையமாகவும் விளங்கிற்று. தமிழ்ப் புலவர் இருந்து கற்பித்த கூரையின் கீழேயே சட்டமும் கற்பிக்கப்பட்டது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மொழிக் கல்வியும் சட்டக் கல்வியும் இந்நாட்டில் ஓரிடத்தில் தொடங்கிப் பின்னர்ப் பிரிந்தன.

இப்பிரிவைத் தம் வாழ்நாளில் தனியொருவராக நின்று தடுக்க முயன்றவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) ஆவர். நீதிமன்ற ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, மாவட்ட முன்சீப்பாக உயர்ந்தவர் அவர். 1805 முதல் 1861 வரையில் உயர்முறை மன்றங்களிற் கூறப்பட்ட தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்துச் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். தமிழ் உரைநடை நாவலின் முதல்வர் என அவரைப் போற்றும் நம் இலக்கிய வரலாறுகள், 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தைப் பக்கங்கள் பல கொண்டு ஆராய்கின்றன; சித்தாந்த சங்கிரகத்தை ஒரு வரியில் குறித்துக் கடந்து விடுகின்றன. தமிழறியும் கட்சிக்காரர்க்கு விளங்காத ஆங்கிலத்தில் வாதிடும் வழக்கறிஞரை அவர் தம் நாவலில் எள்ளி நகையாடுவதற்கு வேர் எங்குள்ளது என்பதை அறிய விழைவார், அம்மொழிபெயர்ப்பை முதலில் நோக்க வேண்டும். நாள்தோறும் தம்முன் நின்ற மக்கள், தம்மைப் பற்றிய தீர்ப்பைத் தாமே படித்தறிய இயலாமல் நின்ற நிலையே அவரை எழுதத் தூண்டிற்று எனலாம்.

சட்டக் கல்லூரியின் தோற்றம்

சென்னையில் முறையான சட்ட வகுப்பு 1855-இல் மாநிலக் கல்லூரியைச் சார்ந்து தொடங்கிற்று. இந்திய தண்டனைச் சட்டத்திற்கும் இந்து சட்டத்திற்கும் பெயர்பெற்ற நூல்களை எழுதிய மெயின் என்பார் தொடக்கக் காலப் பேராசிரியர் ஆவர். 1857-இல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபின் பி.எல். பட்டம் ஏற்பட்டது. 1862-இல் உயர் நீதிமன்றம் அமைந்தது. 1891-இல் சட்டக் கல்லூரி தனி நிறுவனமாயிற்று. உயர் நீதிமன்ற வளாகத்தை அடுத்துச் செங்கல் நிறத்துடன் நிற்கும் அதன் கட்டடம் 1899-இல் முற்றுப் பெற்றது. இக்கல்லூரியே 1990-இல் டாக்டர் அம்பேத்கர் பெயரைப் பெற்றது. 1997-இல் சட்டத்திற்கெனவே தனிப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டில் ஏற்பட்டது.

பழைய பி.எல். பட்டம், முதற்பட்டம் பெற்றபின் கற்பது. கலை பயின்று முதிர்ந்தபின் சட்டத்திற்கு வருவதே அன்றைய முறை. இருபதாம் நூற்றாண்டின் எண்பதுகளில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு புகுந்தபின், பதினேழு பதினெட்டு வயதினர் பள்ளியினின்றும் நேரே சட்டத்திற்கு வருகின்றனர். இம்மாற்றம் மொழிநோக்கில் பெரிது. முன்னையோர் இலக்கியம் கற்றுப் பின் சட்டம் கற்றனர். இக்காலத்தார்க்கு இலக்கியப் பயிற்சி பள்ளியோடு நின்று விடுகின்றது.

சட்டம் பயின்ற தமிழறிஞர்

அம்முன்னை முறையால் தமிழ் பெற்ற பயன் பெரிது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகிய சி. வை. தாமோதரம் பிள்ளை, 1871-இல் பி.எல். தேறிக் கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும், பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் பணியாற்றினார். வீரசோழியம், இறையனார் அகப்பொருள், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியன 1881 தொட்டு அவர் பதிப்பில் வெளிவந்தன. 1904-இல் 'ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழர்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்ட வி. கனகசபைப் பிள்ளை சட்டப் பட்டம் பெற்றுச் சிறிது காலம் மதுரையில் வழக்கறிஞராக இருந்தவர். நாவலர் ச. சோமசுந்தர பாரதியார் தூத்துக்குடியில் வழக்கறிஞராகப் புகழ் பெற்றபின் 1933-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்குத் தலைமை ஏற்றார். ச. வையாபுரிப் பிள்ளை திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வழக்காடிய பின்னரே 1926-இல் தமிழ்ப் பேரகராதிப் பதிப்பாசிரியர் ஆனார்.

இவர்தம் ஆராய்ச்சி முறையில் சட்டப் பயிற்சியின் தடம் உண்டா? உண்டென்றே தோன்றுகின்றது. பாரதியார் எழுதிய 'தசரதன் குறையும் கைகேயி நிறையும்' என்னும் நூல், பன்னூறாண்டாகக் குற்றவாளி எனத் தூற்றப்பட்ட ஒருத்திக்காக, மூலநூலிலிருந்தே சான்று திரட்டி வாதாடும் எதிர்வழக்குரை போல அமைந்தது. வையாபுரிப் பிள்ளையவர்கள் ஏட்டுப் பிரதிகளை ஒன்றோடொன்று ஒத்துநோக்கி, எச்சான்று முந்தியது, எது பிற்சேர்க்கை, எது செவிவழிச் செய்தி எனப் பிரிக்கும் முறை சான்றுச் சட்டம் பயின்றார்க்கு இயல்பாக வாய்ப்பது. அவருடைய கால முடிபுகளை மறுப்பார் பலர். அம்மறுப்பும் சான்றின்மேல் நிகழ வேண்டும் என்னும் நிலையை உண்டாக்கியதே அவர் செய்த உதவி.

எனினும் இக்கருத்தை எல்லை கடந்து கொள்ளலாகாது. ஏட்டுச் சுவடிப் பதிப்பில் ஈடிணையற்ற உ. வே. சாமிநாதையர் சட்டக் கல்லூரி வாயிலை மிதித்தவர் அல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டவர். ஆகவே சட்டக் கல்வியே தமிழாராய்ச்சியைத் தோற்றுவித்தது எனல் வழுவாகும். அது தமிழாராய்ச்சிக்கு வாய்த்த பயிற்சிக் களங்களுள் ஒன்று என்பதே நேர்மையான முடிபு.

கா. சு. பிள்ளையும் குற்றவியலும்

இவ்வரிசையில் நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியவர் திருநெல்வேலி கா. சுப்பிரமணிய பிள்ளை (1888–1945) ஆவர். சட்டத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றமையின் 'எம்.எல். பிள்ளை' என்றே மக்கள் அவரை அழைத்தனர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தாகூர் சட்டச் சொற்பொழிவு, இந்தியச் சட்டப் புலமைக்கு அந்நாளில் வாய்த்த பெருஞ் சிறப்புகளுள் ஒன்று. 1920-ஆம் ஆண்டிற்கு அச்சிறப்பைப் பெற்ற அவர் எடுத்துக்கொண்ட பொருள் குற்றவியல் நெறிமுறைகள் என்பது. குற்றம் என்பது யாது, மனிதன் ஏன் குற்றம் புரிகின்றான், தண்டனையின் நோக்கம் ஒறுத்தலா திருத்தலா என்பன அத்துறையின் அடிப்படை வினாக்கள். அச்சொற்பொழிவு 1924-இல் சென்னையில் ஆங்கில நூலாக அச்சேறிற்று. 1920-களில் சென்னைச் சட்டக் கல்லூரியில் அவர் பேராசிரியராக விளங்கினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். தமிழிலக்கிய வரலாற்றைத் தமிழில் எழுதினார்.

ஒரே அறிஞர், இரு துறையிலும் தலைநின்ற புலமை. ஆயின் குற்றவியலை ஆங்கிலத்தில் உரைத்தார். இலக்கிய வரலாற்றைத் தமிழில் உரைத்தார். இஃது அவர் குறையன்று. அக்காலக் கல்லூரிகளின் பயிற்றுமொழி அவ்வாறு அமைந்தது. சட்டம் என்னும் அறிவுத்துறைக்கு ஆங்கிலம், சமயத்திற்கும் இலக்கியத்திற்கும் தமிழ் என்னும் பிரிவு அவர் ஒருவர் வாழ்விலேயே ஒரு கோடு போலத் தெரிகின்றது. சட்டக் கல்லூரி தமிழ்த்துறைக்கு அறிஞர் பலரைத் தந்தது. தமிழ்த்துறை சட்டக் கல்விக்குத் தமிழைத் தரவில்லை. இக்கடன் இன்னும் தீர்ந்தபாடில்லை.

விடுதலைக்குப் பின்

1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறிற்று. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கீழமை நீதிமன்றங்களில் சான்று பதிதற்கும் தீர்ப்பு எழுதுதற்கும் தமிழ் உரிமை பெற்றது. உயர் நீதிமன்றம் ஒழிந்த பிற குற்றவியல் நீதிமன்றங்களின் மொழியை வரையறுக்கும் அதிகாரத்தை 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 272-ஆம் பிரிவில் மாநில அரசுக்கு வழங்கிற்று. உயர் நீதிமன்றத்தின் நிலை வேறு. அரசியலமைப்பின் 348-ஆம் உறுப்பு அதற்கு ஆங்கிலத்தை விதித்து, குடியரசுத் தலைவரின் இசைவோடு மாநில மொழியையும் நடவடிக்கைகளிற் பயன்படுத்த வழிவிடுகின்றது. அவ்வழியில் இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களின் உயர் நீதிமன்றங்களில் இந்தி இடம் பெற்றது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியும் அவ்விசைவு கிட்டவில்லை.

ஆகவே தமிழ்நாட்டில் ஒரு குற்ற வழக்கு காவல் நிலையத்தில் தமிழிற் பிறந்து, நடுவர் மன்றத்தில் தமிழில் வளர்ந்து, மேல்முறையீட்டில் ஆங்கிலமாக மாறுகின்றது. சட்ட மாணவர் கற்கும் நெறியோ இதற்குத் தலைகீழ். அவர் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளின் ஆங்கிலத்தில் தொடங்குகின்றார். பட்டம் பெற்ற பின்னரே முதல் தகவல் அறிக்கையின் தமிழைக் காண்கின்றார். தமிழில் தேர்வெழுதும் வாய்ப்பு உண்டாயினும், அதற்கேற்ற செம்மையான நூல்கள் மிகுதியாக இல்லாமையால், ஆங்கில நூலைத் தாமே மனத்துள் பெயர்த்து எழுதுவார் பலர்.

சொல்லாராய்ச்சி வேண்டும் இடங்கள்

இனி, மணலி புதுநகர் மாணவர் கொணர்ந்த குற்றப்பத்திரிகைக்கு வருவோம். எதிரி என்னும் சொல் எதிர் என்னும் அடியிற் பிறந்தது. எதிரே நிற்பவர் என்பது அதன் முதற்பொருள். வழக்கில் முறையிட்டவர்க்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் என்னும் பொருளிலேயே நீதிமன்றம் அதனை ஆள்கின்றது. ஆயின் உலக வழக்கில் அச்சொல் பகைவன் என்னும் பொருளில் நிலைபெற்று விட்டது. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவரைக் குற்றமற்றவராகக் கொள்ளவேண்டும் என்பது குற்றவியலின் தலையாய கொள்கை. பகைமைப் பொருள் தோன்றும் சொல்லால் ஒருவரை முதல் நாளிலிருந்தே அழைப்பது அக்கொள்கையோடு முரணும். 'குற்றஞ்சாட்டப்பட்டவர்' என்பது நெடிதாயினும் பொருள் வழுவாதது. கைதானவரைத் தீர்ப்பிற்கு முன்னரே குற்றவாளி என எழுதும் செய்தித்தாள் வழக்கும் இதே பிழையின் வேறு வடிவம்.

அப்பத்திரிகையில் வேறொரு நுட்பமும் உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-அ பிரிவு, துணிச்சலான அல்லது கவனக்குறைவான செயலால் மரணம் விளைவித்தலைக் குறிப்பது. விளையும் தீங்கை அறிந்தும் பொருட்படுத்தாது செய்தல் ஒன்று. கொள்ளவேண்டிய கவனத்தைக் கொள்ளாமை மற்றொன்று. மூலத்தில் இரண்டையும் இணைப்பது 'அல்லது' என்னும் விகற்பச் சொல். காவல் நிலையத் தமிழிலோ 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி' என்னும் தொடர் பன்னெடுங்காலமாக வாய்பாடு போல வழங்கி வருகின்றது. இத்தொடரில் விகற்பம் எண்ணும்மையாயிற்று. துணிச்சல் என்பது வேகமாயிற்று. வேகம் மட்டுமே சட்டம் குறிக்கும் துணிச்சல் ஆகாது. மெல்ல ஓட்டிய இடத்தும் துணிச்சல் இருத்தல் கூடும். இவ்விரண்டையும் மாணவர்க்கு விளக்கியபோது, அவர் ஆங்கிலத்தில் தேர்வுக்கு மனனம் செய்த வேறுபாடு தமையனாரின் வழக்கோடு தொடர்புடையது என்பதை அன்றே முதன்முறையாக உணர்ந்ததாகக் கூறினார். எண்ணும்மையும் விகற்பமும் நன்னூல் கற்பார் யாவரும் அறிந்தவை. நீதிமன்றத்தில் அவை ஒருவரின் சிறைக்காலத்தைத் தொடும் என்பதை நாம் வகுப்பிற் கூறுவதில்லை.

தமிழிலக்கண மரபில் சட்ட விளக்கத்திற்கு உதவும் கருவிகள் வேறும் உள. விதி, விலக்கு, புறனடை, அதிகாரம் முதலிய சொற்கள் சட்டத்திற்கு அப்படியே பொருந்துவன. முப்பத்திரண்டு உத்திகள் நூற்பாவைப் பொருள்கொள்ளும் நெறிகள். அவற்றுள் தன்னின முடித்தல் என்பதனை, ஓரினப் பொருள்களை எண்ணியபின் வரும் பொதுச்சொல்லை அவ்வினத்தளவில் கொள்ளவேண்டும் என்னும் சட்ட விளக்க விதியோடு ஒப்பிட்டும் வேறுபடுத்தியும் ஆராய்தல் பயன்தரும். இரண்டும் ஒன்றல்ல, ஆயினும் இரண்டும் சொற்சுருக்கத்தின் எல்லையைப் பற்றியனவே.

2024-ஆம் ஆண்டு மாற்றம்

இவ்வாராய்ச்சி இப்போது விரைந்து வேண்டப்படுவதற்குத் தனிக் காரணம் உண்டு. 2024 சூலை முதல் நாள் தொட்டு இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சான்றுச் சட்டம் ஆகிய மூன்றன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, பாரதிய சாக்‌ஷிய அதிநியம் என்னும் மூன்றும் நடைமுறைக்கு வந்துள்ளன. 511 பிரிவுகளைக் கொண்டிருந்த தண்டனைச் சட்டம் 358 பிரிவுகளாகச் சுருங்கிற்று. கொலைக்குரிய 302, 103 ஆயிற்று. ஏமாற்றுதலுக்குரிய 420, 318 ஆயிற்று. தடையுத்தரவுக்குரிய நடைமுறைச் சட்டப் பிரிவு 144, 163 ஆயிற்று. கவனக்குறைவால் மரணம் விளைவித்தற்குரிய 304-அ, 106-ஆம் பிரிவாகி, இரண்டாண்டு வரையிருந்த சிறைத்தண்டனை ஐந்தாண்டு வரை உயர்ந்தது. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்கட்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்துமாதலின், இன்றைய மாணவர் இரு சட்டங்களையும் கற்க வேண்டியவராகின்றார்.

ஏமாற்றுவோனை 'நானூற்றிருபது' என்பதும், கூட்டம் கூடத் தடை என்பதனை 'நூற்று நாற்பத்து நான்கு' என்பதும் தமிழ்ப் பேச்சிற் கலந்துவிட்ட வழக்குகள். எண் மாறியபின் இவை சட்டத்தோடு தொடர்பற்ற மரபுத்தொடர்களாக எஞ்சும். சட்டங்களின் பெயர்களே தமிழ் மாணவர்க்குப் புரியாத ஒலிகளாக அமைந்தமை குறித்துத் தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. அப்பெயர்களைப் பற்றிய அரசியல் ஒருபுறமிருக்க, இச்சட்டங்களின் உள்ளீட்டைச் செம்மையான தமிழில் தருதற்கு வாய்த்த காலம் இதுவே. பழைய வாய்பாடுகளைப் புதிய எண்களின்கீழ் அப்படியே பெயர்த்தெழுதிவிட்டால், எதிரியும் எண்ணும்மையும் இன்னும் பன்னெடுங்காலம் நிற்கும்.

தமிழ்த்துறை செய்யத்தக்கன

மணலி, எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதிகளில் 1960-கள் தொட்டுத் தொழிற்சாலைகள் பெருகின. சுத்திகரிப்பு ஆலையும் துறைமுகங்களும் சரக்கு லாரிகளும் சூழ்ந்த வாழ்வில், விபத்தும் தொழில் வழக்கும் சூழல் கேடும் மக்கள் நாளும் அறிவன. 2023 திசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதை அவர்கள் மறந்திலர். இத்தகைய ஊரிலிருந்து முதல் தலைமுறையாகச் சட்டம் கற்க வருவோர்க்குச் சட்டத் தமிழ் அணிகலன் அன்று, கருவி. உயர் நீதிமன்றத்தின் அருகே, பாரிமுனையில் இருந்த அரசு சட்டக் கல்லூரி 2018-இல் பட்டறைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்திற்கும் பெயர்ந்தது. நீதிமன்றத்தை நடந்துசென்று கண்டு கற்கும் வாய்ப்பும் அதனால் மாணவர்க்குக் குறைந்தது. ஆதலின் நீதிமன்ற மொழியை வகுப்பிற்குக் கொணர்தல் முன்னினும் வேண்டப்படுவதாயிற்று.

தமிழ்த்துறைகள் செய்யத்தக்கன மூன்று. ஒன்று, வேதநாயகம் பிள்ளையின் சித்தாந்த சங்கிரகம் தொட்டு இன்றுவரையிலான நீதிமன்றத் தமிழை ஆய்வுப் பொருளாக ஏற்று, முனைவர்ப் பட்ட மாணவர்க்கு வழங்குதல். இரண்டு, சட்டச் சொற்களைத் தனித்தனிச் சொல்லாக அன்றி, அவை வழங்கும் தொடரோடும் வரலாற்றோடும் தரும் அகராதி தொகுத்தல். திருட்டு, அச்சுறுத்திப் பறித்தல், கொள்ளை, கூட்டுக்கொள்ளை என்பவற்றுள் ஒன்று பிறிதொன்றாக மாறும் எல்லையை வெறும் நிகர்ச்சொல் பட்டியல் உணர்த்தாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2019 முதல் தமிழ் உள்ளிட்ட மொழிகளிற் பெயர்க்கப்பட்டு வருதலின், இத்தகைய அகராதிக்கு இன்று நேரான பயன் உண்டு. மூன்று, சட்டக் கல்லூரிகளோடு இணைந்து, இளநிலைச் சட்ட மாணவர்க்குச் சட்டத் தமிழ் என்னும் தாள் ஒன்றை அமைத்தல். அதில் இலக்கியம் அணியாக அன்றி, முதல் தகவல் அறிக்கையும் குற்றப்பத்திரிகையும் தீர்ப்பும் பாடமாக இருத்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தமிழில் நீதிக்குரிய கருத்தும் சொல்லும் பழமையானவை என்பதும், மொழிக் கல்வியும் சட்டக் கல்வியும் ஓரிடத்தில் தொடங்கிப் பிரிந்தன என்பதும், பிரிந்தபின்னும் சட்டம் பயின்றோர் தமிழாராய்ச்சிக்குப் பெருந்துணை செய்தனர் என்பதும், அதற்கு ஈடாகத் தமிழ்த்துறை சட்டக் கல்விக்குச் செய்யவேண்டிய பணி எஞ்சி நிற்கின்றது என்பதும் புலனாகும்.

மாணவரின் அன்னையார் கேட்ட வினாவிற்கு, எதிரி என்பது எதிர்நிற்பவர் என்னும் பொருட்டு என விடை கூறி அனுப்பினேன். அதனை அவர் தம் அன்னையாரிடம் கூறியதாகவும், 'அப்படியானால் அப்படியே எழுதலாமே' என அவர் மறுமொழி பகர்ந்ததாகவும் அம்மாணவர் பின்னர்க் கூறினார். அம்மறுமொழி பொருத்தமானதே. அவ்வாறு எழுதுதற்குரிய தமிழை ஆக்கித் தருதல் நம் துறையாரின் கடமை என்பதை அறிஞர் சிந்திப்பாராக.